ரெங்கராஜின் கண்ணில் என்ன கோளாறு

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பலகையில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்றெல்லாம் எழுதியிருந்தாலும் ஊரில் ‘செல்வராணி கடை’ என்றால்தான் தெரியும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நுழைக்காமல் என்ன செய்வது? ஆதார் கார்டிலிருந்து அத்தை மகள் ஜாதகம் வரைக்கும் என்னிடம்தான் கொடுத்து ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டா ஸ்கேன் பண்ண முடியும்?

ரெங்கராஜின் விஷயத்துக்குள் நுழைந்ததும் அப்படித்தான்.

ரெங்கராஜ் வெல்டர். விராலிமலை ரோட்டில் வீடு. படிப்பு ஏறவில்லை என்று துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே வெல்டிங் ராடு பிடிக்கப் பழகியவர், பிறகு சவூதி, கத்தார் என்று போய்விட்டார். இப்போது நாற்பதை நெருங்குகிறார். ஆள் வாட்டசாட்டம், பேச்சு சிக்கனம். கடைக்கு வந்தால் நான் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பார்.

அன்றைக்கும் நின்றுகொண்டேதான் போனை நீட்டினார்.

“அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கோட்டைப்பட்டினத்து ஆளு ஒருத்தரு, கத்தார்ல எங்கூட இருந்தவரு, அனுப்பிவிட்டாரு.”

பார்த்தேன். போலந்து நாட்டில் இருக்கும் ஒரு ஏஜென்சி. பின்லாந்தில் ஒரு பேப்பர் மில்லுக்கு ஒப்பந்த வெல்டர்கள் வேண்டும். மூன்று மாத வேலை. டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. வேலைக்கு வருகிறவரிடம் கமிஷன் எதுவும் வாங்குவதில்லை. வீடியோவில் வெல்டிங் செய்து காட்டித் தேற வேண்டும்.

“ஆளு இலுப்பூரு, ஆபீசு போலந்து, வேலை பின்லாந்தா?” என்றேன்.

“ஆமாக்கா. அந்த மில்லுல வருசத்துக்கு ஒருக்கா மெசினையெல்லாம் நிப்பாட்டிட்டு பைப்பு மாத்துவாங்களாம். அதுக்கு மட்டுந்தான் ஆளு. முடிஞ்சதும் அனுப்பிருவாங்க. வேலை பிடிச்சிருந்தா அடுத்த வருசமும் கூப்புடுவாங்க.”

“மீதி மாசமெல்லாம்?”

“வீட்டுல இருப்பேங்க்கா.” சொல்லும்போதே அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

செய்தி டீக்கடைக்குப் போனதும் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இது ஃபிராடு. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், காசு கேட்கவில்லையே, அதிலிருந்தே தெரியவில்லையா என்றார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போன ஏஜென்ட் எத்தனையோ பேரை இந்த ஊர் பார்த்திருக்கிறது. வாங்காமல் கூப்பிடுகிறவனைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. எனக்கும் சந்தேகம்தான். ஆனால் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. போலந்து அரசாங்கத்தின் இணையப் பக்கத்திலேயே கம்பெனியின் பதிவைத் தேடிக் கண்டுபிடித்தேன். கோட்டைப்பட்டினத்துக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் இரண்டு தடவை போய் வந்தவர். முழங்கால் அளவு பனியில் கைலி கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவை அனுப்பினார். அதற்குமேல் எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

ரெங்கராஜின் மனைவி பரிமளா ஒரு நாள் மகளின் சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்தபோது, இந்த வேலை ஏன் இவர்களுக்கு இவ்வளவு முக்கியம் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். மெல்லக் கேட்டாலும் பரிமளா சத்தமாகத்தான் பதில் சொல்வாள்.

“அவரு லீவுல வந்தா மொத வாரம் நான் எலையிலதான்க்கா சோறு போடுவேன். வந்த ஆளுக்கு வேற எப்படிப் போடுறது? இந்தத் தடவ, எனக்கும் ஒங்களுக்கு மாதிரி தட்டுலயே வையின்னு கோவிச்சுக்கிட்டாரு. வையின்னா, வீட்டுல அவருக்குன்னு தட்டே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. கலைமதி வேற, வந்து பொட்டியக்கூடத் தொறக்கல, எப்பப் போவீங்கப்பான்னு கேக்குது.”

கலைமதி அவர்கள் மகள். மூன்றாம் வகுப்பு.

“கத்தாருக்குத் திரும்பப் போகணுமா?”

“திருச்சி ஏஜென்ட் விசா வச்சிருக்காரு. திரும்ப ரெண்டு வருசம். இந்தப் போலந்து வேலை கெடைச்சிட்டா போக வேண்டாம். கெடைக்கலன்னா போய்த்தான் ஆகணும். அவ்வளவுதான்க்கா கதை.”

பழனிச்சாமி அண்ணனின் கிரில் பட்டறையில் பரீட்சை நடந்தது. ஆங்கிலத்தைத் தமிழாக்கவும் போனைப் பிடிக்கவும் நான். தொலைதூரக் கல்வியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரயோஜனப்பட்டது. போலந்துக்காரரின் பெயர் மரேக். வழுக்கைத் தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, மேசையில் சொம்பு அளவுக்கு ஒரு டீ கப். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

நிபந்தனைகள் கறாரானவை. ராடு பாக்கெட்டைக் கேமராவுக்கு முன்னால்தான் பிரிக்க வேண்டும். மெசின் சுவிட்சைக் கேமராவுக்கு முன்னால்தான் போட வேண்டும். அதற்குப் பிறகு கடைசி வரை கேமரா வெல்டரை விட்டு நகரக் கூடாது. நான் ஒரு தடவை தீப்பொறியைக் கிட்டத்தில் பார்க்கலாமே என்று போனைத் திருப்பிவிட்டேன். “மேடம், கேமராவை ஆட்டாதீர்கள்” என்று போலந்திலிருந்து ஒரு அதட்டு வந்தது. பழனிச்சாமி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டு குழாய்த் துண்டுகளைச் சாய்வாக நிறுத்தி, குழாயைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். ரெங்கராஜ் குனிந்தார், மண்டியிட்டார், கழுத்தை ஒடித்துக்கொண்டு அடியிலிருந்து மேலே பார்த்துப் பற்றவைத்தார். முடித்துவிட்டு மேலே படிந்த கசடைத் தட்டி உதிர்த்தபோது தையல் போட்ட மாதிரி வரிவரியாக இருந்தது. மரேக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார். பழனிச்சாமி அண்ணன் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மெயில் வந்தது. வெல்டிங் திருப்தி. ஆனால் விண்ணப்பதாரருக்குக் கிட்டப் பார்வையில் கோளாறு இருப்பதாகத் தெரிகிறது. கண் பரிசோதனை செய்து சான்றிதழ் அனுப்பவும். வரும் வியாழக்கிழமை மறுபரீட்சை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போலந்தில் உட்கார்ந்துகொண்டு இலுப்பூரில் இருக்கிற ஒருவரின் கண்ணை எப்படிப் பார்த்தார்கள்?

ஊரில் ஆளுக்கொரு விளக்கம். சலூன் கடைக்காரர், இப்போது வருகிற கம்ப்யூட்டர் கருவிழியைப் பார்த்தே சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொல்லிவிடும் என்றார். பழனிச்சாமி அண்ணன், என் போனின் கேமராவில் எண்ணெய் விரல் பட்டு மங்கலாகத் தெரிந்திருக்கும் என்று பழியை என் பக்கம் தள்ளினார். டீக்கடையில் மட்டும் ஒரே விளக்கம். கண்ணாடி விற்கிற கம்பெனிக்கும் இவர்களுக்கும் உள்ளுக்குள் தொடர்பு இருக்கிறது, காசு இப்படித்தான் வரும் என்று.

நான் ரெங்கராஜையும் பரிமளாவையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டரம்மா பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடுகு மாதிரி எழுத்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். மனுஷர் கடகடவென்று வாசித்தார்.

“யாருங்க ஒங்க கண்ணுல கோளாறுன்னு சொன்னது? வெல்டிங் வேலை பாத்துக்கிட்டு இப்படிக் கண்ணை வச்சிருக்கீங்களேன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு” என்றார் டாக்டரம்மா.

சான்றிதழை அனுப்பினேன். மரேக்கிடமிருந்து பதில் வந்தது. சான்றிதழ் கிடைத்தது, நன்றி. ஆனாலும் நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன். மறுபரீட்சை உண்டு. முகமூடியை இறக்கும் வரை விண்ணப்பதாரரின் முகம் தெரிய வேண்டும்.

பார்த்தாராம்! எதைப் பார்த்தார்? எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கையில் கிடைத்திருந்தால் அந்த டீ கப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன்.

பரீட்சை நடந்ததை நான் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைக் கடையில் பெரிய ஸ்கிரீனில் ஓட்டினோம். நானும் ரெங்கராஜும் பழனிச்சாமி அண்ணனும், அந்தச் சமயத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் சேர்ந்து பார்த்தோம். ரெங்கராஜ் பாக்கெட்டைப் பிரிக்கிறார். ராடை ஹோல்டரில் மாட்டுகிறார். ஆரம்பிக்கிறார். முகமூடியை இறக்குகிறார். பற்றவைக்கிறார். எங்கேயும் தடுமாறவில்லை. கண்ணைச் சுருக்கவில்லை, கசக்கவில்லை. திருப்பித் திருப்பி ஓட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. “பாவம், அந்த ஆளுக்குத்தான் கண்ணு தெரியல போல” என்றார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்.

ஆனால் ரெங்கராஜ் சிரிக்கவில்லை. வெல்டருக்குக் கண் பயம் எப்போதும் உண்டு. ஒளி தாக்கி, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி எரிந்து, உருளைக்கிழங்கை அரிந்து கண்மேல் வைத்துக்கொண்டு கிடக்கிற நாட்கள் எல்லா வெல்டருக்கும் வந்திருக்கும். யாராவது உன் கண்ணில் கோளாறு என்று சொல்லிவிட்டால், டாக்டர் இல்லை என்றாலும் மனசு கேட்காது. பஸ் ஸ்டாண்டில் நின்று தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை வாசித்துப் பார்ப்பதும், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துப் பார்ப்பதுமாக இருந்தார். பரிமளாவும் தன் பங்குக்கு ஊசியையும் நூலையும் கொடுத்துக் கோத்துத் தரச் சொல்லியிருக்கிறாள். முதல் குத்திலேயே கோத்துவிட்டு, “நீயும் சந்தேகப்படுறியா?” என்று கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

இதற்கு நடுவே திருச்சி ஏஜென்ட் போன் பண்ணினார். கத்தார் விசாவுக்கு வேறு ஆள் தயாராக நிற்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட் கைக்கு வர வேண்டும். வியாழக்கிழமை பரீட்சை, வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட். எந்தக் கோளாறு என்றே தெரியாமல் எதைத் திருத்திக்கொண்டு போய் நிற்பது?

வியாழக்கிழமை காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். முதல் ஆளாக ஒரு அம்மா ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்தார்கள். கார்டை மெசினில் வைத்தேன். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தார்கள். போணி ஆயிற்றே என்று இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடப் போனேன்.

கை அப்படியே நின்றுவிட்டது.

“என்னத்தா, நோட்டு கிழிஞ்சிருக்கா?” என்றார்கள் அந்த அம்மா.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் தட்டி வீடியோவைப் போட்டேன். பாக்கெட்டைப் பிரிக்கிறார். ராடை ஹோல்டரில் மாட்டுகிறார். ஆரம்பிக்கிறார் என்று நாங்கள் பார்த்தோமே, அந்த இடத்தில் நிறுத்தினேன். முகமூடி நெற்றிக்கு மேலே இருக்கிறது. ஹோல்டரோடு ராடைத் தூக்கி இடது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகிறார், வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகிறார், அதன் பிறகு குனிகிறார்.

முதல் ராடைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்திருக்கிறார். அவ்வளவுதான். நாங்கள் அத்தனை பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டு ஒற்றிக்கொள்கிறார், தையல்காரர் கத்தரிக்கோலை, பழனிச்சாமி அண்ணன் சுத்தியலை, நான் போணிக் காசை. அது மூச்சு விடுகிற மாதிரி. ராடின் நுனியில் அதன் நம்பரைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மரேக் என்ன நினைத்திருப்பார்? நம்பர் தெரியாமல் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தடவிப் பார்க்கிறார் இந்த ஆள் என்றுதான் நினைத்திருப்பார்.

அந்த அம்மாவின் ரேஷன் கார்டை மெசினிலேயே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். அதற்காக அவர்கள் பிறகு என்னைத் திட்டியது தனிக் கதை.

ரெங்கராஜ் நம்பவில்லை. “நானாக்கா? நான் அப்படியெல்லாம் செய்யறதில்லையே” என்றார். வீடியோவைக் காட்டினேன். யாரோ அந்நியரைப் பார்ப்பது போலத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். ஒரு வாரத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அப்ப என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணும் இல்லப்பா. ஒன் கைக்குத்தான் சீக்கு.”

மரேக்குக்கு விளக்கி ஒரு மெயில் போட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பாதி டைப் பண்ணும்போது பழனிச்சாமி அண்ணன் தடுத்தார்.

“என்னன்னு எழுதப் போற? மெசினைப் போட்டுட்டு, கரண்டு ஓடுற ராடை இவன் கண்ணுல வச்சான்னா? கண்ணு தெரியாதவனையாச்சும் சேர்த்துக்குவான். இவனைக் கிட்டயே சேக்க மாட்டான்.”

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பாதுகாப்பு விதி பற்றி அந்த ஏஜென்சி அனுப்பிய பக்கங்களை வாசித்தவள் நான். டைப் பண்ணியதை அழித்தேன்.

“விடுங்க்கா. செய்யாம இருந்துட்டாப் போச்சு” என்றார் ரெங்கராஜ்.

சொல்வது சுலபம். ஒத்திகை பார்த்தோம். ராடை மாட்டினார், கை தானாக மேலே போயிற்று. “கை!” என்று நான் கத்தினேன். இறக்கினார். பற்றவைத்தார், ராடு குழாயில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் மாட்டினார். “கை!” என்றேன். இறக்கினார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் கத்தாரில் குழாய் குழாயாக இணைத்தவர், நேற்று வந்த ஆள் மாதிரி ராடை ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பழனிச்சாமி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கும்பிடாமல் ஆரம்பிப்பதை அவராலேயே பார்க்க முடியவில்லை.

“அந்த ஆளு கூப்புடுறதுக்கு முன்னாடியே ஒரு பழைய ராடை எடுத்து ஒத்திக்க. அது கணக்குல சேராதா?” என்றேன். அதையும் செய்து பார்த்தார். சேரவில்லை. பிரிக்கிற பாக்கெட்டின் முதல் ராடு என்று கைக்குள் ஊறியிருக்கிறது. கையிடம் போய் யார் நியாயம் பேசுவது?

மத்தியானம் பரிமளா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு ஓரமாக நின்றாள். போகச் சொன்னேன், போகவில்லை.

“அவரு வேலை பாத்து நான் பாத்ததே இல்லக்கா. நிக்கிறேனே” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வேலையெல்லாம் கடல் கடந்தே நடந்திருக்கிறது. கருப்புக் கண்ணாடி ஒன்றை அவளிடம் கொடுத்து, பற்றவைக்கும்போது இதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன்.

இந்தத் தடவை போனைப் பிடிக்கிற வேலை எனக்கு இல்லை. நான் ஆட்டியதற்காகப் பழனிச்சாமி அண்ணன் மூன்று கம்பியை வைத்துப் பற்றவைத்து ஒரு ஸ்டாண்டே செய்திருந்தார். மரேக் திரையில் வந்தார். அதே டீ கப். முதல் காரியமாக, பாக்கெட்டைப் பிரித்து ஒரு ராடைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அதில் உள்ள நம்பரைப் படிக்கச் சொன்னார். ரெங்கராஜ் கையை முழுசாக நீட்டியபடி, “ஈ, செவன், ஜீரோ, ஒன், எய்ட்” என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தார். மரேக்கின் புருவம் ஏறி இறங்கியது. எதையோ எழுதிக்கொண்டார். சரி, ஆரம்பிக்கலாம் என்றார்.

ராடை மாட்டினார். கை நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கேயே நிறுத்தி, பலவந்தமாக இறக்கினார். முகமூடியை இறக்கினார். தீப்பொறி ஒன்று பளிச்சென்றது. ராடு ஒட்டிக்கொண்டது.

முகமூடியை மேலே தூக்கிவிட்டுப் பிடுங்கினார். அந்த ராடின் நுனிப் பூச்சு உதிர்ந்துவிட்டது, இனி அது உதவாது. “பொறுமையாகச் செய்யுங்கள்” என்றார் மரேக். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கை பேனாவை எடுத்துவிட்டது. ரெங்கராஜ் ஹோல்டரைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். கத்தார் விமானமே பட்டறைக்கு மேலே வந்து நிற்பது போல இருந்தது எனக்கு.

அப்போது பரிமளா நகர்ந்தாள். ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், மரேக்குக்குத் தெரியாத இடத்தில் பிரித்த பாக்கெட் இருந்தது. குனிந்து அதிலிருந்து ஒரு புது ராடை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, இடது கண்ணில் ஒற்றினாள், வலது கண்ணில் ஒற்றினாள். ஒரு நிமிஷம் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

ரெங்கராஜ் நிமிர்ந்து பார்த்தார். அவள் செய்ததைப் பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. ராடை வாங்கினார். மாட்டினார். கை மேலே போகவில்லை. முகமூடியை இறக்கிக் குனிந்தார்.

பற்றிக்கொண்டது. எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி சடசடவென்று ஒரே சீரான சத்தம். அந்தச் சத்தம் கடைசி வரை நிற்கவில்லை. பழனிச்சாமி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

முடிந்ததும் மரேக் கண்ணாடியைக் கழற்றினார். “நடுவில் வளையல் போட்ட கை ஒன்று ராடு கொடுத்ததே, யார் அது?” என்று கேட்டார். அவருடைய மனைவி என்றேன். மரேக் பரிமளாவைக் கேமராவுக்கு முன்னால் வரச் சொன்னார். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்து நின்றாள். அவர் தலையைக் குனிந்து வணக்கம் மாதிரி ஏதோ செய்தார். அவளும் கும்பிட்டாள். அதோடு வீடியோ அழைப்பு முடிந்துபோயிற்று.

மெயில் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. பார்வைக் குறைவு இல்லை. வெல்டிங் தேர்ச்சி. ஒப்பந்தம் இணைக்கப்பட்டுள்ளது. கீழே ஒரு குறிப்பு: விண்ணப்பதாரர் உதவியாளரை வைத்து வேலை செய்து பழகியவர் என்று தெரிகிறது. தளத்தில் உதவியாளர் தர இயலாது. சம்மதமா?

நான் சத்தமாகப் படித்தேன். ரெங்கராஜ் பரிமளாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“சம்மதம்னு போடுங்க்கா” என்றாள். “நான் இங்கிட்டு இருந்தே பாத்துக்கிறேன்.”

மறுநாள் ரெங்கராஜ் திருச்சிக்குப் போன் பண்ணி, விசாவை அந்த இன்னொருவருக்கே கொடுத்துவிடச் சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் போர்டிங் பாஸ் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆள் அனுப்பியிருந்தால் வந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்தான். எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பரிமளா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புதுத் தோல் கையுறை ஜோடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒற்றி, பெட்டிக்குள் வைத்தாள். ஒன்றையும் விடவில்லை. நான் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. செருமிக்கொண்டு உள்ளே போனேன்.

மில் வேலை முடிந்து போன வாரம் திரும்பி வந்துவிட்டார். அடுத்த வருடத்துக்கும் தேதி கொடுத்துவிட்டார்களாம். அங்கே முதல் நாள் எப்படி ஆரம்பித்தார், கை மேலே போயிற்றா என்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன்.

ரெங்கராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கலைமதி அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். விளிம்பில் புள்ளி புள்ளியாக ‘ரெங்கராஜ்’ என்று பெயர் வெட்டியிருந்தது. பரிமளா சோற்றைப் போட்டுவிட்டு, குழம்புச் சட்டியை எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

அவர் தட்டைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தார். தான் அப்படிச் செய்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.